அம்மாவின் குளிசைப் பையைக் கொட்டிப் பார்த்த மருந்துக்கடை

ஆஸ்பத்திரி வீதியில் உள்ள ஒரு சிறிய மருந்துக்கடை. இரண்டு பேர் நின்றாலே வாசல் அடைபட்டுவிடும். ஆனாலும் மானிப்பாயிலிருந்து பஸ் ஏறி இந்தக் கடைக்குத்தான் வருகிறோம்.

அம்மாவுக்கு 68 வயது. பிரஷருக்குக் கிளினிக்கில் மாதாமாதம் அம்லோடிபின் 5 மில்லிகிராம் கொடுப்பார்கள். கொலஸ்ட்ரோல் கூடியபோது, தனியாக ஒரு டொக்டரிடம் காட்டினோம். அவர் எழுதியது அம்லோடிபின் 5, கொலஸ்ட்ரோலுக்கான அடோர்வாஸ்டாட்டின் 10 இரண்டும் சேர்ந்த ஒற்றைக் குளிசை. அதை வெறும் கொலஸ்ட்ரோல் மருந்து என்று நினைத்து, அம்மா பழையதையும் விடாமல் போட்டு வந்திருக்கிறார். எனக்கும் தெரியவில்லை. பின்னேரமானால் அவருடைய கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்து கிடக்கும். கதிரையால் எழும்பினால் தலை சுற்றும். வயதுதான் காரணம் என்று இருந்துவிட்டேன்.

கிளினிக் முடிந்து வரும் வழியில், சேர்ந்த குளிசை வாங்க இங்கே போனோம். குளிசைக் கார்ட்டை எடுத்து வைத்த கடைப் பிள்ளை, "வேற என்ன குளிசை போடுறியள் அம்மா?" என்று கேட்டார். அம்மா பையை நீட்டினார். அதைக் கண்ணாடி மேசையில் கொட்டி, கடதாசிப் பைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். "ரெண்டிலயும் ஒரே மருந்து இருக்கு அம்மா. ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் போகுது."

எனக்கு நெஞ்சு திக்கென்றது. அவர் எதையும் தானாக நிறுத்தச் சொல்லவில்லை. டொக்டர் மருந்து எழுதித் தந்த துண்டில் இருந்த இலக்கத்துக்கு அழைத்து அவரோடு கதைத்தார். தனி அம்லோடிபினை நிறுத்தும்படி டொக்டர் சொன்னதும், கிளினிக்கில் காட்டுவதற்காக அதை ஒரு தாளில் எழுதித் தந்தார். மூன்றாம் கிழமை வீக்கம் வடிந்துவிட்டது.

அதோடு விடவில்லை. காரணமில்லாமல் தொடையோ தோளோ உளைந்தால், சிறுநீர் கடும் தேயிலைச் சாயம் போலப் போனால் உடனே டொக்டரிடம் காட்டச் சொன்னார். அடோர்வாஸ்டாட்டின் அரிதாகத் தசையைச் சிதைக்கும், அது சிறுநீரகத்தையும் தாக்கும். கிளரித்ரோமைசின் போன்ற சில அன்ரிபயோற்றிக்குகள் இந்த மருந்தை உடம்பில் தேங்க வைக்கும் என்பதால், காய்ச்சலுக்குப் போனாலும் இந்தக் குளிசைக் கார்ட்டைக் காட்ட வேண்டுமாம். கிரேப்ஃப்ரூட் என்ற தோடை இனப் பழத்தின் சாறும் அப்படித்தான். ஜம்போலாவும் (பம்பளிமாஸ்) அதே இனம், எங்கள் வளவில் காய்க்கிறது, அம்மாவுக்கு அதில்தான் கவலை. டொக்டரைக் கேட்கும்வரை அதைச் சாப்பிடாமல் இருக்கச் சொன்னார்.

குறை என்றால், இருக்க இடமில்லை. வயதானவர்களுக்கு இரண்டு கதிரையாவது போடலாம். கூட்டமான நேரத்தில் அரை மணித்தியாலம் நிற்க வேண்டிவரும். முன்னால் நிற்பவரோடும் அவர் அப்படித்தான் கதைத்துக்கொண்டிருப்பார், அதனால் பொறுத்துக்கொள்கிறேன். போகும்போது கிளினிக் கொப்பியையும், வீட்டில் இருக்கும் குளிசைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் கொண்டுபோங்கள். அவர் கட்டாயம் கேட்பார்.