ஆதரவு நின்ற பிறகும் விண்டோஸ் 7: சில வருட அனுபவம்

என் மேசையில் இருக்கும் பழைய டெஸ்க்டாப்பில் இன்றும் விண்டோஸ் 7 தான் ஓடுகிறது. காரணம் ஒரு ஃபிலிம் ஸ்கேனர். அப்பா எடுத்த புகைப்படங்களின் நெகட்டிவ்கள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. அவற்றை எல்லாம் ஸ்கேன் செய்து முடிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் வேலை. ஸ்கேனரைத் தயாரித்தவர்கள் விண்டோஸ் 7-க்குப் பிறகு அதற்கு டிரைவர் (கருவியைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள்) வெளியிடவில்லை. கருவியில் ஒரு குறையும் இல்லை. விளக்கு எரிகிறது, மோட்டார் ஓடுகிறது, படம் கூர்மையாக வருகிறது. ஒரு டிரைவர் இல்லாததால் நல்ல கருவியைத் தூக்கிப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால் கணினியையும் வைத்துக்கொண்டேன்.

விண்டோஸ் 7-க்கான ஆதரவு, அதாவது மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவது, 2020 ஜனவரி 14-ஆம் தேதி முடிந்தது. மறுநாள் எதுவும் ஆகவில்லை. அடுத்த மாதமும் ஆகவில்லை. என்னை ஏமாற்றியது அதுதான். மின்னஞ்சல், வங்கிக் கணக்கு, அலுவலகக் கோப்புகள் என்று எல்லாவற்றையும் பழையபடியே அதில் செய்துகொண்டிருந்தேன். ஆன்டிவைரஸ் பச்சை நிறத்தில் இருக்கிறதே, அப்புறம் என்ன பயம் என்று நினைப்பு.

ஆதரவு நின்றால் உள்ளே என்ன நடக்கிறது என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. புதிய விண்டோஸ் பதிப்புகளுக்கு மாதாமாதம் பாதுகாப்புத் திருத்தங்கள் வருகின்றன. பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் பொதுவான நிரல்பகுதிகள் நிறைய. திருத்தம் வந்ததும், திருத்துவதற்கு முன் இருந்த கோப்பையும் பின் வந்த கோப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால் ஓட்டை எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். அதே ஓட்டை விண்டோஸ் 7-லும் இருந்தால், அங்கே அதை அடைக்க ஆளில்லை. புதிய கணினிகளுக்கு வரும் ஒவ்வொரு மருந்தும் பழைய கணினியின் நோயை ஊருக்கே சொல்லிவிடுகிறது.

கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வகையைச் சேர்ந்த வானாகிரை தாக்குதலை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அது பரவியது 2017 மே 12-ஆம் தேதி. அதற்கான திருத்தம் மார்ச் மாதமே வந்துவிட்டது. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அப்போது அதற்கு ஆதரவும் இருந்தது. இரண்டு மாதம் திருத்தம் போடாமல் இருந்ததற்கே அந்த நிலைமை. இனி ஒருநாளும் திருத்தம் வராத கணினியை நான் வங்கிக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன்.

கண்ணைத் திறந்தது ஒரு பென்டிரைவ். அண்ணன் குடும்பப் படங்கள் கொஞ்சம் கொண்டுவந்தார். செருகினேன். மூன்று ஃபோல்டர்கள் தெரிந்தன. ஒன்றை இரட்டைக் கிளிக் செய்தேன். திறந்தது, படங்களும் இருந்தன. ஆனால் திறப்பதற்கு முன் ஒரு கருப்புப் பெட்டி கண் இமைக்கும் நேரம் வந்து மறைந்தது. திரும்பிப் போய் உற்றுப் பார்த்தபோதுதான் ஒவ்வொரு ஃபோல்டர் படத்தின் இடதுபக்கக் கீழ் மூலையிலும் ஒரு சின்ன அம்புக்குறி இருந்ததைக் கவனித்தேன். அவை ஃபோல்டர்களே இல்லை, ஷார்ட்கட்கள். ஒவ்வொன்றும் ஓரிரு கேபிதான். உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அவற்றின் பெயரில் ஷார்ட்கட்களை வைத்திருந்தது அந்த வைரஸ். ஷார்ட்கட்டைத் திறந்தால் முதலில் வைரஸ் ஓடும், பிறகு நிஜ ஃபோல்டரும் திறக்கும். பயன்படுத்துபவருக்குச் சந்தேகமே வராது. ஆன்டிவைரஸ் அப்போதும் பச்சையாகவே இருந்தது.

“அண்ணா, உங்கள் கணினியையும் பார்க்க வேண்டும்” என்று சொல்லிவிட்டு, என் கணினியின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். அன்றிரவே வேறு கணினியிலிருந்து எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றினேன். ஹார்ட் டிஸ்க்கை முழுதாக அழித்து விண்டோஸை மறுபடி நிறுவினேன். ஸ்கேன் செய்த படங்கள் தனி டிஸ்க்கில் இருந்ததால் பிழைத்தன.

அதற்குப் பிறகு நான் யோசித்த விதம் மாறியது. எந்த ஆன்டிவைரஸ் நல்லது என்று தேடுவதை விட்டுவிட்டு, இந்தக் கணினி என்னென்ன செய்யக்கூடாது என்று எழுத ஆரம்பித்தேன். வங்கி, மின்னஞ்சல், கடவுச்சொல் கேட்கும் எந்தத் தளமும் இதில் கிடையாது. பிரவுசரில் சேமித்த கடவுச்சொல் ஒன்றுகூட இருக்கக்கூடாது. தினசரி வேலைக்கு அட்மின் உரிமை இல்லாத சாதாரணக் கணக்கு. வைரஸ் வந்தால் அந்தக் கணக்கின் கோப்புகளைக் கெடுக்கலாம், ஆனால் கணினி முழுக்க வேரூன்றுவது கடினம். என்னிடம் இருப்பது புரொஃபஷனல் பதிப்பு என்பதால், பென்டிரைவிலிருந்து எந்த நிரலும் நேரடியாக ஓடக்கூடாது என்று பாதுகாப்பு அமைப்பில் ஒரு விதியும் போட முடிந்தது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. அரை மணி நேர வேலை, அண்ணன் பென்டிரைவில் வந்தது போன்ற ஆபத்துக்கு நேரடியான தடுப்பு. கோப்புப் பெயர்களின் வால்பகுதியை (.pdf, .exe போன்றவை) காட்டும்படியும் மாற்றினேன். விண்டோஸ் அதை மறைத்தே வைக்கும். மறைந்திருக்கும்வரை பிடிஎஃப் போல் வேடமிட்ட நிரலை அடையாளம் காண முடியாது.

நெட்வொர்க் பக்கம் இரண்டு கதவுகளை மூடினேன். நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் பழைய முறையான, வானாகிரை நுழைந்த எஸ்எம்பி 1 ஒன்று, வேறு இடத்திலிருந்து கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப் மற்றொன்று. 2019-இல் வெளியே தெரிந்த புளூகீப் என்னும் ஓட்டை ரிமோட் டெஸ்க்டாப்பில்தான் இருந்தது. கடவுச்சொல் இல்லாமலே உள்ளே வரலாம் என்பதால், ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் கொடுத்தது. பயன்படுத்தாத சேவையை நிறுத்தி வைப்பதில் நமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

பிரவுசர் தனிக்கதை. 2021 செப்டம்பர் 30-ஆம் தேதி, இணையதளங்களுக்கு அடையாளச் சான்றிதழ்களை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ்கள் நம்பியிருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானது. புதிதாக நிறுவிய என் விண்டோஸில் அதற்கு மாற்றான சான்றிதழ் இல்லை. குரோமில் பல தளங்கள் ‘பாதுகாப்பற்றது’ என்றன, ஃபயர்ஃபாக்ஸில் அவையே ஒழுங்காகத் திறந்தன. குரோம் அப்போது விண்டோஸின் சான்றிதழ்ப் பட்டியலைப் பார்த்தது, ஃபயர்ஃபாக்ஸ் தன் சொந்தப் பட்டியலை வைத்திருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: எச்சரிக்கையைத் தாண்டி ‘தொடர்க’ என்று அழுத்திப் பழகிவிடாதீர்கள். பழகிய விரல் நிஜமான போலித் தளத்திலும் அதையே அழுத்தும். (ஒருமுறை எல்லாத் தளங்களும் மொத்தமாக மறுத்தன. பார்த்தால் மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்து, கணினியின் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது.)

2023 தொடக்கத்தில் குரோம் 109-ஓடு விண்டோஸ் 7-க்கான கதை முடிந்தது. ஃபயர்ஃபாக்ஸின் நீண்ட ஆதரவுப் பதிப்பான 115 அதற்குப் பிறகும் திருத்தங்கள் பெற்றது. ஆனால் நான் அதோடு இணையத்தையே நிறுத்திவிட்டேன். திறந்த ஜன்னல் ஒன்று பிரவுசர்தான் என்றால், அதை அடைத்துவிட்டால் நிம்மதி. கேபிளைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டேன். அதே கணினியில் இன்னொரு டிஸ்க்கில் லினக்ஸ் மிண்ட் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவி, இணையம் வேண்டும்போது அதில் மட்டும் நுழைகிறேன். பழைய இயந்திரம்தான், ஆனாலும் இன்றைய தேதிக்கான திருத்தங்களோடு ஓடுகிறது. முன்பே செய்திருக்க வேண்டிய வேலை இது.

ஸ்கேன் செய்த படங்களை வெளியே எடுக்க ஒரே ஒரு பென்டிரைவ் வைத்திருக்கிறேன். வெளியே போகும், திரும்பி வரும்போது லினக்ஸில் ஃபார்மட் ஆகித்தான் விண்டோஸ் 7-க்குள் நுழையும். காப்புப் பிரதிகள் இரண்டு டிஸ்க்குகளில். நகல் எடுத்து முடிந்ததும் கேபிளைக் கழற்றிவிடுவேன். செருகியே இருக்கும் டிஸ்க்கை ரான்சம்வேர் சேர்த்தே பூட்டிவிடும், அது காப்பு ஆகாது.

இப்போது விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கு நீட்டித்த திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்தார்கள். நீட்டிப்பில் சேர்ந்து, அந்த நேரத்தை மாறுவதற்குப் பயன்படுத்துங்கள் என்றுதான் சொல்கிறேன். என்னைப் போல் பழைய கருவி ஒன்றுக்காக வைத்திருக்க வேண்டும் என்றால், அந்த ஒரு வேலைக்கு மட்டும் வையுங்கள்.

போன மாதம் விண்டோஸ் 7 டிஸ்க்கை முழுதாகப் படியெடுத்து, புதிய கணினியில் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் (ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) ஓட்டிப் பார்த்தேன். நெட்வொர்க் அட்டையை நீக்கிவிட்டு, ஸ்கேனரின் யுஎஸ்பி இணைப்பை மட்டும் உள்ளே விட்டேன். முதல் இரண்டு முயற்சிகளில் ஸ்கேனர் பாதியில் நின்றது. யுஎஸ்பி அமைப்பை 2.0-க்கு மாற்றியதும் ஓட ஆரம்பித்தது. டெஸ்க்டாப்பைவிடக் கொஞ்சம் மெதுவுதான். ஆனால் பழைய டிஸ்க் என்றைக்காவது நின்றுபோனாலும், மீதி இருக்கும் நான்கு பெட்டி நெகட்டிவ்களை முடித்துவிடலாம்.