பூனைக்குக் காசு போடுமுன்: வெளியே தெரியும் ரேர் குணமா, உள்ளே ஒளிந்த ஜீனா?

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வட்டத்தில் கிரிப்டோகிட்டீஸ் பூனை வளர்ப்பவர்கள் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறோம். திரையில் மட்டும் இருக்கும் பூனைகளை வாங்கி, குட்டி போட வைத்து, விற்கும் ஆன்லைன் விளையாட்டு இது. 2017 டிசம்பரில், இந்த விளையாட்டு ஓடும் ஈத்தரியம் என்ற பிளாக்செயின் வலையே திணறும் அளவுக்குக் கூட்டம் பூனை வாங்கியது. முதல் பூனையான ஜெனிசிஸ் சுமார் 247 ஈத்தருக்கு (அந்த வலையின் நாணயம்) விற்றது, அடுத்த வருஷம் டிராகன் என்ற பூனை 600 ஈத்தருக்குப் போனது. அந்த விலைகளை மனதில் வைத்துக்கொண்டு இன்று யாரும் வாங்க வேண்டாம். ஆனால் குட்டி போட வைக்கும் ஆசையோடு புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: ரேர் குணம் முகத்திலேயே தெரியும் பூனையை வாங்கலாமா, பார்க்கச் சாதாரணமாக இருந்தாலும் உள்ளே அந்த ஜீன் இருக்கும் சின்ன ஜெனரேஷன் (தலைமுறை எண் குறைவான) பூனையை வாங்கலாமா?

முதலில் கணக்கு. உடல், கண் நிறம், வாய், கோலம் என்று ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு பூனையிடம் நாலு ஜீன் உண்டு. ஒன்று வெளியே தெரியும், மூன்று உள்ளே மறைந்திருக்கும். வெளியே தெரியும் ஜீன் குட்டியிலும் வெளியே தெரிய 37.5% வாய்ப்பு. மறைந்ததில் முதல் ஜீனுக்கு 9.4%, இரண்டாவதுக்கு 2.3%, மூன்றாவதுக்கு 0.8% கூட இல்லை. மீதி 50% ஜோடிப் பூனையுடையது. இந்தக் கணக்கை விளையாட்டை உருவாக்கிய நிறுவனம் ஆரம்பத்தில் ரகசியமாகவே வைத்திருந்தது, விளையாடுகிறவர்கள்தான் உட்கார்ந்து உடைத்துக் கண்டுபிடித்தார்கள்.

இப்போது இரண்டு பூனைகளைப் பக்கத்தில் வைப்போம். ஒன்று 14-ஆம் ஜெனரேஷன், ரேர் கோலம் பளிச்சென்று வெளியே தெரிகிறது, உள்ளே மூன்றும் சாதாரண ஜீன். இன்னொன்று 2-ஆம் ஜெனரேஷன், வெளியே ஒன்றுமில்லை, அதே கோலம் முதல் மறைந்த இடத்தில் இருக்கிறது.

வேகத்தில் இரண்டாவதுதான் முன்னால் நிற்கும். ஒரு தடவை குட்டி போட்டால் அதற்கு ஓய்வு ஏறத்தாழ 2 நிமிஷம், முதல் பூனைக்கு 4 மணி நேரம். இந்த ஓய்வு ஒவ்வொரு பிரசவத்துக்கும் கூடிக்கொண்டே போய் ஒரு வாரம் வரை வரும். வேகத்தைப் பார்த்துத்தான் நிறையப் பேர் இரண்டாவதை எடுக்கிறார்கள். ஆனால் 9.4% என்றால் சராசரியாக பத்துப் பதினோரு குட்டி போட்டால்தான் ஒன்றில் அந்தக் கோலம் வெளியே வரும், ஒவ்வொரு தடவையும் பிரசவக் கட்டணமும் ஈத்தரியம் வலைக்குக் கட்டும் கேஸ் கட்டணமும் தனி. முதல் பூனையிடம் சராசரியாக மூன்றாவது குட்டிக்குள் வந்துவிடும். கோலம் மட்டும் போதும் என்பவருக்கு முதல் பூனையே லாபம்.

ஆனால் குட்டியை விற்க நினைத்தால் கதை வேறு. குட்டியின் ஜெனரேஷன் தாய், தகப்பன் இரண்டில் பெரிய எண்ணோடு ஒன்று கூட்டியது. 14-ஆவது பூனை எதனோடு சேர்ந்தாலும் குட்டி 15-க்குக் கீழே வராது, அது பிறக்கும்போதே மந்தமாகப் பிறக்கும், வாங்குகிறவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். 2-ஆவது பூனைக்குத் தகுந்த ஜோடி கிடைத்தால் 3-ஆம் ஜெனரேஷனிலேயே அந்தக் கோலம் வெளிவரும், அதற்கு நல்ல விலை.

என் அனுபவம்: கண் நிறத்துக்கு ஆசைப்பட்டு 9-ஆம் ஜெனரேஷன் பூனை ஒன்றை வாங்கினேன், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவே இல்லை. மூன்று குட்டி போட்டது, மூன்றிலும் அந்தக் கண் இல்லை. மூன்றும் தவற கிட்டத்தட்ட நாலில் ஒரு வாய்ப்பு உண்டு என்று பிறகுதான் கணக்குப் போட்டேன். அன்றைக்குக் கோபாலபுரம் டீக்கடையில் மாமாவிடம் போனைக் காட்டிச் சொன்னேன். அவர் செவ்வாயும் வியாழனும் பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு பார்க்கப் போகிறவர். "மாட்டை மட்டும் பார்த்து வாங்காதே மாப்ளே, தாய் எவ்வளவு கறந்ததுன்னு கேளு" என்றார். சந்தையில் அதற்கு ஆளைப் பிடித்து விசாரிக்க வேண்டும், விலைகூட துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். இங்கே ஜீன், தாய் தகப்பன், பழைய விலை எல்லாமே பிளாக்செயின் சங்கிலியில் திறந்து கிடக்கிறது, பார்க்காமல் வாங்கியது என் தவறு.

அதனால் நான் இன்று எடுப்பது மூன்றாவது வகை: 4 முதல் 6 வரை ஜெனரேஷன், வேண்டிய ஜீன் வெளியேயும் முதல் மறைந்த இடத்திலும் இருக்க வேண்டும். ஒரு பூனை அப்படி இருந்தால் வாய்ப்பு 47% பக்கம். ஜோடியும் அதே மாதிரி அமைந்தால் 94% பக்கம் போகும்! ஒரே ரேர் பூனைக்குப் பெரிய தொகை கொட்டுவதைவிட, அந்தக் காசில் இப்படி ஜோடி சேர்ப்பதுதான் சரி. ஒன்று கவனம், தாயோடு பிள்ளையையும் உடன்பிறப்புகளையும் சேர்க்க முடியாது, அதனால் ஜோடியை வேறு குடும்பத்திலிருந்துதான் தேட வேண்டும்.

ஜெனரேஷன் 0 பூனை? மொத்தம் 50,000-க்கு மேல் வராது என்று வரம்பு வைத்தார்கள், 2018-லேயே வெளியீடு முடிந்தது. வைத்திருக்க நல்ல பொருள், ஆனால் பெரும்பாலானவற்றில் அடிப்படை ஜீன்தான்.

புதுக் குணம் உண்டாக்கும் மியூட்டேஷன் தனி ருசி. குறிப்பிட்ட இரண்டு ஜீன் ஒரே இடத்தில் சந்தித்தால் 25% வாய்ப்பில் மூன்றாவது ஒன்று பிறக்கும், அப்படிப் பிறந்த ஜீன்களைச் சேர்த்து மேல் படிகளுக்குப் போனால் வாய்ப்பு இன்னும் குறையும். அந்தக் குணத்தை முதலில் பெற்ற பூனைக்கு வைர முத்திரை, அது ஒன்றே ஒன்றுதான். அடுத்து வருகிற பூனைகளுக்கு வேறு முத்திரைகள், அவையும் 500-ஆவது பூனையோடு நின்றுவிடும். குணத்தின் சதவீதம் நாளாக ஆக மாறும், இன்று ரேர் என்று வாங்கியதை ஊரே குட்டி போட்டால் நாளை சாதாரணம். வைர முத்திரை மட்டும் அப்படிக் கரையாது, காசிருந்தால் இதற்குக் கூடுதலாகக் கொடுக்கத் தயங்க மாட்டேன்.

கடைசியாக வரி. விற்று லாபம் வந்தால் 2022 ஏப்ரலிலிருந்து 30%. ஒரு பூனையில் வந்த நஷ்டத்தை இன்னொரு பூனையின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. கேஸ் கட்டணத்தோடு இதையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் ஜோடிக்கு விலை சொல்லுங்கள்.