பென்சில்வேனியா, விஸ்கான்சின், ஜார்ஜியா: எந்த மாநிலத்து பிரைமரி நியாயமானது?

அமெரிக்க அதிபர் தேர்தல் நெருங்கினால் இந்த மூன்று இழுபறி மாநிலங்களின் பெயரும் நம் செய்திகளில் அடிபடும். மாநிலத்தை மொத்தமாகப் பார்த்தால் போட்டி கடுமைதான். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால், சட்டமன்றத் தொகுதிகளில் பெரும்பாலானவை யார் பக்கம் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். அங்கெல்லாம் நவம்பர் தேர்தல் பெயரளவுக்குத்தான். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரியிலேயே உறுப்பினர் யார் என்பது முடிவாகிவிடும். அதனால் அதில் யாருக்கு ஓட்டு உண்டு என்பதை வைத்தே இந்த மூன்றையும் எடைபோடுகிறேன்.

பென்சில்வேனியாவில் பிரைமரி கட்சிக்காரர்களுக்கு மட்டும்தான். வாக்காளராகப் பதியும்போது எந்தக் கட்சி என்றும் குறிப்பிட வேண்டும். கட்சி மாற நினைத்தால் தேர்தலுக்கு 15 நாள் முன்பே மாறிவிட வேண்டும். 2024 ஏப்ரல் 23 பிரைமரிக்கு ஏப்ரல் 8 கடைசி நாள். இரண்டு பெரிய கட்சிகளிலும் சேராமல் பதிந்தவர்கள் அங்கே பத்து லட்சத்துக்கும் மேல். அவர்களுடைய வரிப்பணத்திலும்தான் அந்தத் தேர்தல் நடக்கிறது, ஆனால் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க அவர்களுக்கு ஓட்டு இல்லை. அதே நாளில் மக்களிடம் நேரடியாக ஒப்புதல் கேட்கும் பொதுக் கேள்வி ஏதாவது வந்தால் அதற்கு மட்டும் போடலாம். 2021 மே மாதம் ஆளுநரின் நெருக்கடிகால அதிகாரத்தைக் குறைக்கும் அரசியல் சட்டத் திருத்தங்கள் அப்படித்தான் அவர்கள் முன்னும் வந்தன.

இதனால் என்ன ஆகிறது என்பதற்கு பிலடெல்பியாவே உதாரணம். 2020 பிரைமரியில், இந்தியப் பெற்றோருக்குப் பிறந்த நிகில் சவால், மாநில மேலவையில் பதவியில் இருந்த லாரி பார்னீஸைத் தோற்கடித்தார். இருவரும் ஜனநாயகக் கட்சி. நவம்பரில் சவாலுக்கு எதிர்வேட்பாளரே இல்லை. புதியவர் ஒருவர் உள்ளே வர இந்த முறை தடையாக இல்லை என்பது உண்மை, அது எனக்குப் பிடித்தும் இருக்கிறது. ஆனால் அந்தத் தொகுதியில் கட்சி சாராதவராகவோ குடியரசுக் கட்சிக்காரராகவோ இருந்தவருக்குத் தன் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை. 203 பேர் கொண்ட கீழவையில் 102க்கு 101 என்று பெரும்பான்மை ஊசலாடும் மாநிலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

விஸ்கான்சினில் கட்சி பதிவே கிடையாது. யார் வேண்டுமானாலும் போகலாம், எந்தக் கட்சியின் பிரைமரி என்பதை மறைவிடத்துக்குள் தானே முடிவு செய்யலாம், யாருக்கும் தெரியாது. ஒரே நிபந்தனை, ஒரு கட்சிக்குள்தான் போட வேண்டும். ஆளுநராக இருந்த லா போலெட் போராடிக் கொண்டுவந்த 1903 சட்டத்தை 1904இல் மக்களே வாக்களித்து ஏற்றார்கள். வேட்பாளரை மாநாட்டில் கூடும் கட்சிப் புள்ளிகள் பேசி முடித்த காலம் அத்தோடு போனது.

எதிர்க்கட்சிக்காரர்கள் புகுந்து கெடுப்பார்களே என்பதுதான் இதன்மீது சொல்லப்படும் பெரிய குறை. 2022இல் குடியரசுக் கட்சி பிரைமரியில் கீழவைத் தலைவர் ராபின் வோஸ், டிரம்ப் ஆதரித்த ஆடம் ஸ்டீனை வெறும் 260 ஓட்டில்தான் முந்தினார். அவ்வளவு சின்ன வித்தியாசத்தில் வெளியாள் ஓட்டு முடிவை மாற்ற முடியும், அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் வெளியிலிருந்து வருபவர் தன் கட்சியின் எல்லாப் போட்டிகளையும் அன்றைக்கு விட்டுக்கொடுத்துத்தான் வர வேண்டும். அப்புறம், வோஸ் அந்தத் தொகுதி மக்கள் எல்லோருக்கும்தானே உறுப்பினர்?

ஜார்ஜியா இரண்டுக்கும் நடுவில். அங்கேயும் கட்சி பதிவு இல்லை, ஆனால் எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று வாக்குச்சாவடியில் கேட்டு வாங்க வேண்டும். அது பதிவாகி, யாரும் பார்க்கக்கூடிய ஆவணமாகிவிடும். சின்ன ஊரில் கடை வைத்திருப்பவர் இதற்கு யோசிப்பார். பாதிக்கு மேல் ஓட்டு வாங்காதவர் ஜெயிக்க முடியாது என்பது நல்ல விதி. மற்ற இரண்டு மாநிலங்களிலும் ஐந்து பேர் நின்றால் 30 சதவீதம் வாங்கியவரே வேட்பாளராகிவிடலாம். ஜார்ஜியாவில் முதல் இருவர் மீண்டும் மோத வேண்டும். 2024இல் மே 21இல் முதல் சுற்று, ஜூன் 18இல் இரண்டாவது. இரண்டாம் தடவை வருபவர்கள் குறைவு என்பதுதான் சங்கடம்.

மூன்றில் ஒன்றைச் சொல்லு என்றால் விஸ்கான்சினைத்தான் சொல்வேன், ரகசியம் காக்கப்படுகிறது என்பதற்காக. தேதியை மட்டும் மாற்ற வேண்டும். ஆகஸ்ட் இரண்டாவது செவ்வாய் என்பது கோடை விடுமுறை; மாநிலத் தலைநகர் மேடிசனில் உள்ள பல்கலைக்கழக மாணவர்களில் பாதிப் பேர் ஊரிலேயே இருக்க மாட்டார்கள். அதிபர் தேர்தல் ஆண்டில் பென்சில்வேனியா வைப்பதுபோல ஏப்ரலிலேயே வைத்தால் அவர்களும் வந்து போடலாம்.