ஓ.டி.ஜி.யில் உருளைக்கிழங்கு ஃப்ரைஸ்: மதுரை அடுப்படியில் நீண்ட நாள் அனுபவம்

28, 30 லிட்டர் ஓ.டி.ஜி. (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின் அடுப்பு) ஒன்று வீட்டில் இருந்தால், ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் இரண்டு பேருக்கு மொறுமொறுவென ஃப்ரைஸ் செய்யலாம். கடையில் பொரித்துத் தருவது போலவே அச்சு அசலாக இருக்காது. மேல்தோல் மெல்லிசாக இருக்கும், உள்ளே மாவு மாவாக வெந்திருக்கும், எடுத்த பத்து நிமிடத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். இதற்குச் சம்மதம் என்றால் வாரா வாரம் தயங்காமல் செய்யலாம்.

பலருக்கு இது துவண்டு போய்த்தான் வருகிறது. ஓவன் சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் பிரச்சினை ஈரம்தான். கிழங்கில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். கொதிக்கும் எண்ணெய் அந்தத் தண்ணீரை மேற்பரப்பிலிருந்து சடசடவென்று விரட்டிவிடும். சூடான காற்றுக்கு அந்த வேகம் கிடையாது. ஆகவே ஓவனுக்குள் போகும் முன்பே எவ்வளவு ஈரத்தை எடுத்துவிடுகிறோமோ, அவ்வளவுக்குத்தான் மொறுமொறுப்பு கிடைக்கும். கிழங்கு வாங்குவதிலிருந்து தட்டில் பரப்புவது வரை எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

முதலில் கிழங்கு. பரவை மார்க்கெட்டிலோ மாட்டுத்தாவணியிலோ இறங்கும் மூட்டைகளில் என்ன ரகம் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. சிப்ஸுக்கென்றே சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய குஃப்ரி சிப்சோனா மாதிரி ரகங்கள் சில்லறைக் கடையில் பெயர் சொல்லிக் கிடைக்காது. அதனால் வீட்டிலேயே உப்புத் தண்ணீர்ச் சோதனை செய்வது நல்லது. ஒரு லிட்டர் தண்ணீரில் 110 கிராம் உப்பை முழுதாகக் கரைத்து, கழுவிய கிழங்கைப் போடுங்கள். அடியில் உட்கார்ந்தால் மாவுச்சத்து அதிகம், ஃப்ரைஸுக்கு ஏற்றது. மிதந்தால் தண்ணீர்க் கிழங்கு. குருமாவுக்கும் பொரியலுக்கும் அது நன்றாக இருக்கும், ஓவனுக்கு வேண்டாம். ஒரே கிலோவில் பாதி மிதக்கும், பாதி மூழ்கும். வாங்கி வந்ததுமே பிரித்து வைத்துவிட்டால் பிறகு குழப்பமில்லை.

பருவமும் கணக்கில் வரும். வட இந்தியச் சமவெளியில் முக்கிய அறுவடை ஜனவரியிலிருந்து மார்ச் வரை. அதன் பிறகு மாதக்கணக்கில் நமக்கு வருவதில் பெரும்பகுதி குளிர்கிடங்கில் 2 முதல் 4 டிகிரியில் இருந்த கிழங்கு. அந்தக் குளிரில் கிழங்கின் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும். இதை ஓவனில் வைத்தால் பன்னிரண்டு நிமிடத்திலேயே நுனி கறுத்துவிடும், உள்ளே பச்சையாக நிற்கும். சூட்டைக் குறைத்துப் பார்ப்பதால் பயனில்லை, கிழங்குதான் காரணம். பரிகாரம் சுலபம்: வாங்கிய கிழங்கைச் சணல் சாக்கில், வெளிச்சம் படாமல், காற்றோட்டமாகப் பத்து நாள் வெளியே வையுங்கள். சேர்ந்த சர்க்கரையில் கணிசமான பகுதி குறைந்துவிடும். இதே காரணத்தால் கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. சித்திரை, வைகாசி வெயிலில் மட்டும் பத்து நாள் தாங்காமல் முளை விடும். அப்போது வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குவது மேல். பச்சை படர்ந்த இடத்தை ஆழமாகச் சீவி எறிந்துவிட வேண்டும். கசந்தால் முழுக் கிழங்கையும் போட்டுவிடுங்கள்.

அளவுக்கு வருவோம். தோல் சீவிய கிழங்கு 400 கிராம். 30 லிட்டர் ஓ.டி.ஜி.யின் தட்டு ஒரு முறைக்கு இதற்கு மேல் தாங்காது. ஒரு சென்டிமீட்டர் தடிமனில் விரல் விரலாக நறுக்குங்கள். எல்லாத் துண்டும் ஒரே தடிமனில் இருப்பது ரொம்ப முக்கியம். மெல்லியது கருகும் நேரத்தில் தடித்தது வெந்திருக்காது. நறுக்கியதைப் பச்சைத் தண்ணீரில் அலசி, தண்ணீர் தெளியும் வரை மாற்றி, அரை மணி நேரம் ஊற விடுங்கள். வெட்டுப்பட்ட இடத்தில் ஒட்டியிருக்கும் மாவும் சர்க்கரையும் இதில் போய்விடும். துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாது, நிறமும் நிதானமாக ஏறும்.

அடுத்தது அரைவேக்காடு. இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களுக்குத்தான் ஃப்ரைஸ் தோல் போல இழுக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒரு மேசைக்கரண்டி வினிகர், ஒரு தேக்கரண்டி உப்பு சேர்த்து, துண்டுகளைப் போட்டு மிதமான கொதியில் எட்டு நிமிடம் வைக்கவும். புளிப்பு இருந்தால் துண்டுகளைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும் பெக்டின் சீக்கிரம் கரையாது. உள்ளே வேகும், வெளியே உடையாது. வினிகர் இல்லையென்றால் ஒரு எலுமிச்சம்பழச் சாறு போதும். இரண்டுமே இல்லாமல் செய்தால் நாலு, ஐந்து நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும், கொஞ்சம் அசந்தாலும் குழைந்துவிடும். கத்தி முனை தடையில்லாமல் இறங்க வேண்டும், தூக்கினால் முறியக் கூடாது. அதுதான் பதம். மதுரையில் பல வீடுகளில் போர் தண்ணீர்தான். அதிலுள்ள கால்சியம் பெக்டினை இறுக்கும் என்பதால் ஓரிரு நிமிடம் கூடுதலாகத் தேவைப்படும். குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரில் அந்தத் தாமதம் இராது.

வடித்ததும் பருத்தி வேட்டித் துணியில் ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரப்பி, மின்விசிறிக்கடியில் கால் மணி நேரம் விடுங்கள். மேலே லேசாக வெளுத்து, சொரசொரவென்று ஆக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதற்கு அரை மணி நேரம் பிடிக்கும், பொறுமையாக இருங்கள். அந்தச் சொரசொரப்புதான் பிறகு மொறுமொறுப்பாக மாறப் போகிறது. காய்ந்த துண்டுகளின் மேல் இரண்டு தேக்கரண்டி பச்சரிசி மாவைத் தூவிக் குலுக்கி, பிறகு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றிக் கையாலேயே பிசறவும். மாவு அதற்கு மேல் போனால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும், பச்சை வாடையும் வரும். சோள மாவும் உதவும் என்றாலும், எங்களுக்கு அரிசி மாவின் நொறுங்கல்தான் பிடித்திருக்கிறது.

எண்ணெய் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய்க்கு மணம் அருமை, ஆனால் 220 டிகிரித் தட்டில் புகையும். இந்தச் சூட்டுக்கு ரீஃபைன்ட் கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோதான் தோது. செக்கு எண்ணெய் மணம் வேண்டும் என்றால், வெந்து இறக்கிய பின் அரைத் தேக்கரண்டி மேலே விட்டுப் பிசறிக்கொள்ளலாம்.

ஓவனை 220 டிகிரியில், மேல் கம்பி கீழ்க் கம்பி இரண்டும் எரிய, வெறும் தட்டையும் உள்ளே வைத்து 15 நிமிடம் சூடேற்றுங்கள். காற்று விசிறி உள்ள மாடலாக இருந்தால் 200 போதும். சூடான தட்டில் துண்டுகள் விழும்போது சுரீர் என்று சத்தம் வர வேண்டும். இடைவெளி விட்டு ஒரே அடுக்காகப் பரப்பி, நடுத்தட்டில் வைக்கவும். 15 நிமிடம் கழித்துத் திருப்பிப் போட்டு, தட்டையும் முன்பின்னாக மாற்றி வைக்க வேண்டும். எல்லா ஓ.டி.ஜி.யிலும் ஏதாவது ஒரு மூலை கூடுதலாகக் காயும், பெரும்பாலும் பின்பக்கம். பிறகு 10 முதல் 15 நிமிடம். கடைசி இரண்டு நிமிடம் கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்தால் உள்ளே தேங்கிய ஆவி போய்விடும். நெரிசலாக 600, 700 கிராம் அடுக்கினால் அந்த ஆவியிலேயே அவிந்துபோகும். விருந்தாளிகள் இருந்தால் இரண்டு ஈடாகச் செய்வதுதான் வழி.

நிறம் பொன் மஞ்சளில் நிற்கும்போதே எடுத்துவிடுங்கள். மாவுப் பொருளை 120 டிகிரிக்கு மேல் வறுக்கும்போதும் சுடும்போதும் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உருவாகிறது என்பதை 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். நிறம் கறுக்கக் கறுக்க அது கூடும். எண்ணெய் குறைவு என்பதற்காக ஓவனில் செய்துவிட்டு, கருக விட்டுச் சாப்பிடுவது சரியில்லை. ஊற வைப்பதும், ஃபிரிட்ஜில் வைக்காததும் இதற்கும் சேர்த்துத்தான்.

உப்பு, மசாலா எல்லாம் இறக்கிய பிறகு. முன்னாலேயே உப்புப் போட்டால் தண்ணீர் விடும். மிளகாய்த்தூளை முதலிலேயே சேர்த்தால் கருகி நெடியேறும். மிளகும் சீரகமும் வறுத்துப் பொடித்தது, அல்லது பூண்டு சேர்த்த இட்லிப் பொடி கொஞ்சம், இவை இரண்டும் கெச்சப்பைவிட நன்றாகப் பொருந்துகின்றன. கெச்சப்பில் சர்க்கரையும் உப்பும் தாராளம். தொட்டுக்கொள்ள வேண்டுமென்றால் துணியில் கட்டித் தண்ணீர் வடித்த தயிரில் பூண்டும் மிளகும் நசுக்கிப் போடலாம். தட்டில் குவித்து மூடி வைக்காதீர்கள், ஹாட்பாக்ஸில் கண்டிப்பாகப் போடாதீர்கள். கம்பி வலைமேல் வைத்தால் அடியில் வியர்க்காது.

இனி இயந்திரம். தெர்மோஸ்டாட் குமிழ் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் 20, 30 டிகிரி வரை வேறுபடலாம். தனி ஓவன் வெப்பமானி வாங்குவது சிறந்தது. அது இல்லாவிட்டால் சர்க்கரையை வைத்துப் பார்க்கலாம். சர்க்கரை ஏறக்குறைய 186 டிகிரியில் உருகும். குமிழை 175இல் வைத்துச் சிறு கிண்ணத்தில் கால் மணி நேரம் வைத்தால் உருகக் கூடாது, 190இல் உருக வேண்டும். கோடை இரவுகளில் ஏசி எல்லாம் ஓடும் நேரத்தில் சில தெருக்களில் வோல்டேஜ் இறங்கும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 200 வந்தால் கம்பியின் சூடு கால் பங்கு குறையும். அன்றைக்குச் சூடேற்றும் நேரத்தை 20, 25 நிமிடமாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். 16 ஆம்பியர் பவர் பிளக்கில் நேரடியாகத்தான் செருக வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சூடாகி உருகும், இன்வெர்ட்டர் லைனும் தாங்காது. 1500 வாட் ஓவனில் ஒரு ஈடுக்கு ஒரு யூனிட்டுக்குள் முடிந்துவிடும்.

நாள்பட்ட பயன்பாட்டில் தெரியும் குறைகளும் உண்டு. கூடவே வரும் மெல்லிய தட்டு 220இல் டப்பென்று நெளிந்து, எண்ணெய் ஒரு மூலைக்கு ஓடும். கனமான அலுமினியத் தட்டு தனியாக வாங்கிய பிறகுதான் நிறம் சீராக வந்தது. கடைகளில் பட்டர் பேப்பர் என்று விற்பதெல்லாம் ஒன்றல்ல. சிலிகான் பூச்சு இல்லாதது ஒட்டும், ஓரம் கருகும். கதவுக் கண்ணாடியில் படியும் எண்ணெய்ப் பிசினை ஆப்பசோடாவைக் குழைத்துத் தடவி அரை மணி ஊற விட்டுத் துடைக்கலாம். ஓவன் முழுதாக ஆறிய பின்தான் இதைச் செய்ய வேண்டும், சூட்டில் ஈரத்துணி பட்டால் கண்ணாடி விரியும்.

ஆரோக்கியக் கணக்கு இது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. 400 கிராம் கிழங்கு வெந்து காய்ந்து சுமார் 250 கிராம் ஆகும், அதாவது நூறு கிராமுக்கு ஐந்தரை கிராம் கொழுப்பு. எண்ணெயில் பொரித்ததில் 15 கிராம் வரை இருக்கும். பொரித்த எண்ணெயை மறுபடி காய்ச்சும் தொல்லையும் இல்லை. ஆனால் மாவுச்சத்து ஒரு துளியும் குறையவில்லை என்பதைச் சர்க்கரை நோயாளிகள் மனத்தில் வைக்க வேண்டும். கையளவோடு நிறுத்தி, கூடவே சுண்டலோ முட்டையோ வைத்துக்கொள்வது நல்லது. கடையில் விற்கும் உறைந்த ஃப்ரைஸ் பாக்கெட்டை ஓவனில் வைப்பது இதற்கு ஈடாகாது. பெரும்பாலும் அது ஏற்கெனவே எண்ணெயில் ஒருமுறை பொரித்து உறைய வைத்தது.

உறைய வைப்பதை வீட்டிலேயே செய்யலாம், அவசரத்துக்கு அதுதான் கைகொடுக்கும். அரைவேக்காடு செய்து விசிறியில் காய வைத்த துண்டுகளை மாவும் எண்ணெயும் சேர்க்காமல் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வைத்து, கல்லாக இறுகியதும் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி வையுங்கள். ஒரு மாதம் தாராளமாக இருக்கும். உறையும்போது ஐஸ் துகள்கள் கிழங்கின் செல்களைக் கிழிப்பதால் ஓவனில் ஈரம் சீக்கிரம் வெளியேறுகிறது, புதிதாகச் செய்வதைவிடவும் மொறுமொறுப்பு ஒரு படி கூடும். வேண்டும்போது உருக விடாமல் அப்படியே எண்ணெய் பிசறி, சூடான தட்டில் கொட்டி, ஐந்து நிமிடம் கூடுதலாக விடுங்கள். நீண்ட மின்வெட்டில் உருகிவிட்டால் மீண்டும் உறைய வைக்காமல் அன்றைக்கே பொரியலாகச் செய்துவிடுங்கள்.