“4கே வரும் மேடம்” என்று சொல்லிச் சுவரைப் பூசிவிடுவார்கள், ஜாக்கிரதை

சிபியுவை ஒரு அறையிலும் மானிட்டர், கீபோர்டை இன்னொரு அறையிலும் வைக்க நினைப்பவர்கள், வேலையை யாரிடமும் ஒப்படைக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் குரல் பதிவும் வீடியோ எடிட்டிங்கும் செய்கிறேன். ஃபேன் சத்தம் மைக்கில் ஏறுவதால் சிபியுக்களைப் பக்கத்து அறைக்கு மாற்றும் வேலையை ஒரு நிறுவனத்திடம் கொடுத்தேன். கேபிள் ஓடும் தூரம் சுமார் 15 மீட்டர். என் தேவையை எழுதியே கொடுத்தேன்: 4கே மானிட்டர், 60 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கப்பட வேண்டும்), நிறம் குறையக் கூடாது, யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) மேஜைமேல் இருக்கும். “எல்லாம் பக்காவா வந்துடும் மேடம்” என்றார்கள்.

வேலை முடிந்ததும் ஏதோ ஒரு காட்டருவி வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். படம் பளிச்சென்று இருந்தது. மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

எடிட்டிங் மென்பொருளைத் திறந்தபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. கறுப்புப் பின்னணியில் இருந்த சிவப்பு எழுத்துகளெல்லாம் ஈரத்தாளில் மை ஊறியதுபோல ஓரம் கசிந்து நின்றன. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 60 ஹெர்ட்ஸ் என்றுதான் இருந்தது, ஆனால் கலர் ஃபார்மேட் 4:2:0, அதாவது நிற விவரத்தைச் சுருக்கி அனுப்பும் முறை. அதை நிறத்தைச் சுருக்காத ஆர்ஜிபிக்கு மாற்றினால் 30 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது, மவுஸ் அம்பு தத்தித் தத்தி நகர்கிறது.

ஏமாற்று வேலை நடப்பது இந்த இடத்தில்தான். 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில், நிறம் குறையாமல் அனுப்ப வினாடிக்கு ஏறக்குறைய 18 ஜிகாபிட் வேண்டும். மானிட்டருக்குப் படம் கொண்டுபோகும் ஹெச்டிஎம்ஐ 2.0 இணைப்பின் முழு அளவு அது. அவர்கள் மாட்டியிருந்தது 10.2 ஜிகாபிட் மட்டும் தாங்கும் எக்ஸ்டெண்டர் (சிக்னலை நீண்ட தூரம் கடத்தும் கருவி). நான்கு பிக்சலுக்கும் சேர்த்து ஒரே நிற விவரம் என்று சுருக்கினால்தான் அதில் 60 ஹெர்ட்ஸ் நுழையும். நாம் பார்க்கும் ஆன்லைன் வீடியோக்கள் பெரும்பாலும் அதே 4:2:0-வில்தான் வருகின்றன. ஆகவே வீடியோ போட்டுக் காட்டினால் குறை கண்ணில் படவே படாது. எழுத்தைத் திறந்தால் அந்த நிமிஷமே தெரிந்துவிடும். தெரிந்தேதான் அருவியைக் காட்டியிருக்கிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கூப்பிட்டுக் கேட்டதற்கு வந்த பதில்: “4கே-ன்னுதானே மேடம் கேட்டீங்க, 4கே வருதுல்ல? நீங்க என்ன கேமா விளையாடப் போறீங்க?”

யூஎஸ்பி கதை இன்னும் மோசம். யூஎஸ்பி 2.0 கேபிளுக்கே 5 மீட்டர்தான் எல்லை, அதற்கு மேல் போக எக்ஸ்டெண்டர் வேண்டும். சரி. ஆனால் இவர்கள் வைத்தது 12 மெகாபிட் வேகமுள்ள பழைய ரகம். கீபோர்டு, மவுஸ் ஓடும். 480 மெகாபிட் எதிர்பார்க்கிற என் ஆடியோ இன்டர்ஃபேஸை அது கண்டுகொள்ளவே இல்லை. சத்தத்துக்காகத்தான் இத்தனை ஏற்பாடும், கடைசியில் பதிவே செய்ய முடியவில்லை!

நடுநடுவே திரை ஒரு நொடி கறுத்துப்போய்த் திரும்பி வரும். வெளியே நீட்டிக்கொண்டிருந்த கேபிள் முனையை வெட்டி, உள்கம்பியைப் பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் தாமிரப் பூச்சு. உறையில் என்னவோ ‘கேட்6’ (நெட்வொர்க் கேபிளின் ஒரு தரம்) என்று அச்சடித்திருக்கிறார்கள். கேட்6 தரத்துக்கு முழுத் தாமிரக் கம்பிதான் வேண்டும். அதை மாற்றலாம் என்றால் பைப்பே போடாமல் நேரடியாகச் சுவருக்குள் வைத்துப் பூசியிருக்கிறார்கள். இனி சுவரை உடைக்க வேண்டும், அந்தச் செலவும் என் தலையில்.

பில்லில் ‘4கே எக்ஸ்டெண்டர் செட், கேட்6 ஒயரிங்’ என்று மட்டும் இருக்கிறது. நான் எழுதிக் கொடுத்த ஒரு வரிகூட அதில் இல்லை. அதனால் கொட்டேஷனிலேயே இதையெல்லாம் எழுதச் சொல்லுங்கள்: 60 ஹெர்ட்ஸில் 4:4:4 (நிறத்தைச் சுருக்காதது), 18 ஜிகாபிட், யூஎஸ்பி எந்த வேகம், கேபிள் முழுத் தாமிரமா, எத்தனை அங்குல பைப். சுவரில் கை வைக்கும் முன் அதே நீளக் கேபிளைத் தரையில் விரித்து, உங்கள் மானிட்டரையும் உங்கள் கருவிகளையும் மாட்டி, நாள் முழுக்க ஓட்டிப் பாருங்கள். வீடியோ வேண்டாம், சின்னச் சின்ன வண்ண எழுத்துகளைத் திறந்து பாருங்கள்.

இப்போதைக்குக் கதவிடுக்கு வழியாக ஓர் ஆப்டிகல் ஹெச்டிஎம்ஐ கேபிளை (கண்ணாடி இழையில் ஒளியாகப் படத்தைக் கடத்துவது) இழுத்து வேலை பார்க்கிறேன். 60 ஹெர்ட்ஸ், முழு நிறம், ஒரு குறையும் இல்லை. அதற்குத் திசை உண்டு: ‘சோர்ஸ்’ என்று போட்ட முனை சிபியு பக்கம்தான் வர வேண்டும், மாற்றி மாட்டினால் படம் வராது. முனையின் தலை பெரிது, பைப் அகலமாக இருந்தால்தான் உள்ளே போகும். ரொம்ப மடக்கினாலும் உள்ளிருக்கும் இழை உடைந்துவிடும். சுவரை உடைத்ததும் இதையே அகலமான பைப்பில் போடப் போகிறேன், வேறு ஆளை வைத்து.