மிஷன் இம்பாசிபிள் எட்டு படமும் திரும்பப் பாத்தாச்சு, என்னோட வரிசை

முதலிடம் ஃபால்அவுட்தான் (2018), இதுல பேச்சுக்கே இடமில்ல. பாரிஸ் பாத்ரூம் ஃபைட்டுல ஹென்றி கேவில் துப்பாக்கிய லோட் பண்ற மாதிரி ரெண்டு கையையும் உதறுவாரே, அதுக்கே குடுத்த காசு சரியாப்போச்சு. லண்டன்ல மாடி விட்டு மாடி தாவுறப்ப டாம் க்ரூஸுக்கு நிஜமாவே கணுக்கால் உடஞ்சுது, அந்த ஷாட்ட அப்படியே படத்துல வச்சிருக்காங்க, மனுஷன் நொண்டிக்கிட்டே எழுந்து ஓடுறது தெரியும்.

ரெண்டாவது, 1996ல வந்த முதல் படம். கயித்துல தொங்குற சீன்ல பிஜிஎம்மே கிடையாது, டாம் க்ரூஸ் தன் மூக்குக் கண்ணாடியில வழிஞ்சு விழப்போற ஒரு சொட்டு வேர்வைய உள்ளங்கையில பிடிக்கிறாரு பாருங்க, இன்னைக்குப் பாத்தாலும் மூச்சு விட மறந்துடுது, டைரக்டர் பிரையன் டி பால்மா கெத்து.

மூணாவது கோஸ்ட் புரோட்டோகால். புர்ஜ் கலீஃபா ஏறுறது செம, ஆனா அனில் கபூர் வர்ற மும்பை போர்ஷன் கொஞ்சம் காமெடி பீஸு. அடுத்து ரோக் நேஷன், வியன்னா ஆப்பரா சீனுக்காக. அப்புறம் மூணாம் பாகம், வில்லனா ஃபிலிப் சீமோர் ஹாஃப்மேன் கத்தாமலே மிரட்டிட்டுப் போறாரு, இந்த சீரிஸ்ல அவர மிஞ்ச ஆளே இல்ல.

டெட் ரெக்கனிங்ல கடைசி ரயில் சீன் மட்டும் போதும். ஃபைனல் ரெக்கனிங் (2025) முதல் ஒரு மணி நேரம் பேசியே கொல்றாங்க, நீர்மூழ்கிக் கப்பல் வந்தப்புறம்தான் படமே ஆரம்பிக்குது.

கடைசி, ஜான் வூ எடுத்த ரெண்டாவது பாகம். புறா, ஸ்லோமோஷன், பைக்கு, முகமூடி, திரும்பவும் முகமூடி. முடியல சாமி.