யார் காசில் போகிறோம்? வெளிநாட்டுத் தன்னார்வப் பணிக்கான வழிகள், ஒரு ஒப்பீடு

என் அக்கா மகள் கல்லூரி முடித்த கையோடு போன் செய்தாள். "மாமா, ஒரு வருஷம் வெளிநாட்டுல வாலன்டியரா இருக்கலாம்னு பாக்குறேன். நீங்கதான் நேபாளம் போய்ட்டு வந்தீங்களே, எது நல்லதுன்னு சொல்லுங்க" என்றாள். நான் போய் வந்த லட்சணம் அவளுக்குத் தெரியாது. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச முடிந்தது. அன்று அவளிடம் சொன்னதோடு, பிறகு அவள் ஜெர்மனியிலிருந்து எனக்குச் சொன்னதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் போனது காசு கட்டிப் போகும் வகை. காட்மாண்டு பக்கம் ஒரு குழந்தைகள் இல்லம், இரண்டு வாரம். இந்தியர்களுக்கு நேபாளம் போக வீசா வேண்டாம் என்பதால், ஏஜென்சிக்குப் பணம் கட்டிய மறுவாரமே கிளம்பிவிட்டேன். குழந்தைகளோடு பழகப்போகும் ஆளிடம் ஒரு போலீஸ் சான்றிதழ்கூடக் கேட்கவில்லை. எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

முதல் நாள் வேலை சுவருக்குப் பெயின்ட் அடிப்பது. பழைய பெயின்டைச் சுரண்டச் சொன்னார்கள். நீலத்துக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே ரோஸ். எதுவும் உரிந்தோ வெளுத்தோ போயிருக்கவில்லை. எங்களுக்கு முன்னால் வந்த கோஷ்டிகளுக்கும் ஏதாவது வேலை கொடுக்க வேண்டியிருந்திருக்கிறது, அவ்வளவுதான். மாலையில் ஆங்கிலப் பாட்டு சொல்லித்தரப் போனால், பிள்ளைகள் எனக்கு முன்பே பாடி முடித்துவிட்டு, 'அடுத்து என்ன?' என்பது போல் பார்த்தார்கள். அதில் ஒரு பையன், தசைன் பண்டிகைக்கு ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்த கதையைச் சொன்னான். அனாதை இல்லம் என்றுதான் விளம்பரத்தில் போட்டிருந்தார்கள்.

வந்த பிறகுதான் தேடிப் படித்தேன். நேபாளத்தின் குழந்தைகள் இல்லங்களில் மிகப் பெரும்பாலானவை காட்மாண்டு, லலித்பூர், பக்தபூர், காஸ்கி, சித்வான் என்று சுற்றுலாப் பயணிகள் போகும் மாவட்டங்களிலேயே இருக்கின்றன. அனாதைகள் மட்டும் எப்படிச் சொல்லிவைத்தாற்போல் சுற்றுலா ஊர்களில் பிறப்பார்கள்? கம்போடியாவிலும் இதே கதை. அங்கே 2005-க்கும் 2010-க்கும் இடையில் இந்த இல்லங்களின் எண்ணிக்கை சுமார் 75 சதவீதம் கூடியது. அங்கிருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தார்கள். காசு கொடுக்க வெளிநாட்டுக்காரர்கள் வரிசையில் நின்றால், பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்க்கவும் ஆள் வந்துவிடும். ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது இந்த அனாதை இல்லக் கடத்தலும் பேசுபொருளானது.

ஆகவே இந்த வழிக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் பூஜ்யம். ஆனால் எல்லா வழிகளையும் அளக்க ஒரு அளவுகோல் எனக்கு இதில்தான் கிடைத்தது: இதில் யார் யாருக்குக் காசு கொடுக்கிறார்கள்?

ஜெர்மனி: அவர்கள் நமக்குக் கொடுக்கிறார்கள்

ஜெர்மனியில் எஃப்.எஸ்.ஜே என்று ஒரு வருடச் சமூக சேவை இருக்கிறது. 1964-லேயே சட்டம் போட்டார்கள். 27 வயதுக்குள் இருக்க வேண்டும். இன்னொன்று பி.எஃப்.டி என்ற அரசின் தன்னார்வச் சேவை, அதற்கு வயது வரம்பு கிடையாது. பி.எஃப்.டி வந்த கதைதான் முக்கியம். கட்டாய ராணுவ சேவைக்குப் போக மறுத்த இளைஞர்கள் அதற்குப் பதிலாக முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். 2011-இல் கட்டாய ராணுவ சேவையை நிறுத்தியதும் அந்தக் கைகள் இல்லாமல் போயின. அந்த இடத்தை நிரப்பத்தான் அதே ஆண்டு ஜூலையில் பி.எஃப்.டி வந்தது. அதாவது அங்கே நம் கை உண்மையிலேயே தேவைப்படுகிறது. சுவரைச் சுரண்டும் வேலை இல்லை.

கையில் என்ன கிடைக்கும்? சம்பளம் என்று சொல்ல மாட்டார்கள், பாக்கெட் மணி. 2025-இல் அதன் உச்சவரம்பு மாதம் 644 யூரோ. பல இடங்களில் அதைவிடக் குறைவாகத்தான் தருகிறார்கள். மருத்துவக் காப்பீட்டை நாம் வேலை செய்யும் இடமே கட்டிவிடும். ஒரு வருடத்தில் 25 நாள் பயிற்சி வகுப்பு உண்டு. தங்குமிடம் சில இடங்களில் உண்டு, சில இடங்களில் இல்லை. இல்லாத இடத்தில் சேர்ந்தால், பாக்கெட் மணி வாடகைக்கே போய்விடும். என் அக்கா மகளுக்கு முதலில் வந்த இடத்தை இதற்காகவே வேண்டாம் என்றோம்.

இங்கே ஒரு ஏஜென்ட் இதற்கு லட்சக்கணக்கில் கேட்டார். காரிட்டாஸ், டயகோனி என்ற தேவாலயத் தொண்டு அமைப்புகள், செஞ்சிலுவைச் சங்கம் போன்றவற்றின் விண்ணப்பம் இணையத்திலேயே இருக்கிறது. ஜெர்மன் மொழியில் ஒரு கடிதம் எழுதத் தெரிந்தால் போதும். அது தெரியவில்லையென்றால் அங்கே போயும் பிரயோஜனம் இல்லை.

அவள் ஜெர்மன் மொழியை பி1 என்ற நடுத்தர நிலை வரை படித்துவிட்டுப் போனாள். ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு முதியோர் இல்லம். முதல் வாரம் ஒன்றும் புரியவில்லை. பாட்டிகள் எல்லாம் ஸ்வேபிய வட்டார வழக்கு. எந்தச் சொல்லை எடுத்தாலும் பின்னால் ஒரு 'லே' ஒட்டிக்கொள்கிறது. "கண்ண மூடிக்கிட்டா திருநெல்வேலி மாதிரியே இருக்கு மாமா" என்றாள்.

காலை ஆறரைக்கு டியூட்டி. விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு வெறும் டீ கொடுக்கக் கூடாதாம், புரை ஏறிவிடும். ஒரு பொடியைக் கலந்து, கஞ்சிப் பதம் வரும்வரை கிண்டி, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்க வேண்டும். தொண்ணூறு தாண்டிய ஒரு பாட்டி மூன்று வாரம் இவள் கையில் வாங்கவே இல்லை, வாயை இறுக்க மூடிக்கொண்டார். நாலாவது வாரம் ஒருநாள் வாயைத் திறந்தார். ஏன் என்று இவளுக்கும் தெரியவில்லை. அன்று ராத்திரி எனக்குப் போன் செய்து அதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

குறையும் இருக்கிறது. சட்டப்படி வாலன்டியரை ஊழியருக்குப் பதிலாகப் பயன்படுத்தக் கூடாது. ஆனால் ஊழியர்கள் இரண்டு பேர் காய்ச்சல் என்று லீவு போட்ட நாளில் சட்டப் புத்தகத்தை யார் புரட்டுவார்கள்? மாதக் கடைசியில் அவள் கணக்குப் போட்டுப் பார்த்துப் புலம்பியதுண்டு. இதை முடித்துவிட்டு அங்கேயே நர்சிங் பயிற்சியில் சேரலாம் என்ற கணக்கோடுதான் நம்மவர்கள் பலர் போகிறார்கள். அதில் தப்பில்லை, ஆனால் 'சேவை' என்று வேறு வேஷம் கட்ட வேண்டாம்.

பண்ணையும் பாஸ்போர்ட்டும்

ஒர்க்அவே, வூஃப் என்று தன்னார்வலர்களையும் இடம் கொடுப்பவர்களையும் இணைக்கும் இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. இரண்டிலும் கொள்கை ஒன்றுதான்: தினம் நாலைந்து மணி நேரம் வேலை, பதிலுக்குச் சோறும் படுக்கையும். வூஃபை 1971-இல் லண்டனில் செக்ரட்டரியாக இருந்த சூ காப்பர்ட் என்ற பெண் தொடங்கினார். நகரத்துக்காரர்கள் சனி ஞாயிறு இயற்கை விவசாயப் பண்ணைக்குப் போய் வேலை செய்வதாகத்தான் ஆரம்பம். காசு கைமாறுவதில்லை, சின்ன உறுப்பினர் கட்டணம் மட்டும். என் அளவுகோலில் நல்ல மதிப்பெண் வாங்க வேண்டியது.

சிக்கல் நம் பாஸ்போர்ட்டில். இந்த முறை ஐரோப்பிய இளைஞர்களுக்குள் தங்குதடையில்லாமல் ஓடுகிறது. நாம் டூரிஸ்ட் வீசாவில் போய் ஏர்போர்ட்டில் "பண்ணையில் உதவி செய்யப் போகிறேன்" என்று வெள்ளந்தியாகச் சொன்னால், பல நாடுகளின் அதிகாரிக்கு அது வேலை. சோறும் படுக்கையும் அவர் கணக்கில் கூலி. பிரிட்டனில் விசிட்டர் வீசாவில் 30 நாள் வரை தன்னார்வப் பணி செய்யலாம், ஆனால் பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் மட்டும். யாரோ ஒருவரின் ஆப்பிள் தோட்டம் தொண்டு நிறுவனம் ஆகாது. "சுத்திப்பாக்கத்தான் வந்தேன்னு சொல்லிடு" என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டால், அடுத்த வீசா விண்ணப்பங்களில் எல்லாம் அதைச் சொல்லியாக வேண்டும். நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றால்

சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு நடத்தும் தன்னார்வப் பணி முகாம்கள் எனக்குப் பிடித்தவை. அது தொடங்கிய கதை இது. பியர் செரெசோல் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1920-இல் பிரான்சின் வெர்டன் பக்கம், முதல் உலகப்போரில் தரைமட்டமான எஸ்ன் என்ற கிராமத்தைத் திரும்பக் கட்ட ஒரு சின்னக் குழுவோடு போனார். குழுவில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். ஊரை இடித்த தேசத்துக்காரர்களே வந்து கட்டுவது ஊர்க்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. சில மாதங்களில் அனுப்பிவிட்டார்கள். செரெசோல் அதோடு விடவில்லை. 1934 ஜனவரியில் பீகார் பூகம்பம் வந்தபோது இங்கே வந்து, ராஜேந்திர பிரசாத்தின் நிவாரணக் குழுவோடு சேர்ந்து கிராமங்களைக் கட்டும் வேலையில் இறங்கினார். தன்னார்வத் தொண்டு என்றால் நமக்குக் கற்பிக்க வருவது என்று நினைப்பவர்கள் இந்த மனிதர் மண்வெட்டி பிடித்த படத்தைப் பார்க்க வேண்டும்.

முகாம் இரண்டு மூன்று வாரம். சாப்பாடு, இடம் அவர்கள் பொறுப்பு. விமான டிக்கெட் நம் பொறுப்பு. பத்துப் பதினைந்து பேர், ஆளுக்கொரு நாடு, சமையலும் முறைவைத்துச் செய்ய வேண்டும். இதனால் உலகம் மாறாது. ஆனால் காட்மாண்டுவில் இரண்டு வாரத்துக்கு நான் கொட்டிய பணத்துக்கு இப்படி ஒரு முகாமுக்குப் போயிருக்கலாம்.

ஐ.நா. தன்னார்வலர் திட்டம் பற்றியும் கேட்டாள். 1970-இல் தொடங்கியது, தலைமையகம் பான் நகரத்தில். 18 முதல் 26 வயதுக்கு இளைஞர் பிரிவு தனியாக இருக்கிறது. வாழ்க்கைச் செலவுக்குப் படியும் கொடுக்கிறார்கள். போட்டியும் அதற்கேற்ப. பயோடேட்டாவில் ஒரு வரி இல்லாதவர்கள் முதல் படியாக இதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஜெர்மன் அரசு 2008 முதல் வெல்ட்வேர்ட்ஸ் என்ற திட்டத்தில் 18 முதல் 28 வயதுக்காரர்களைத் தமிழ்நாடு உட்படப் பல ஊர்களுக்கு அனுப்புகிறது, செலவில் பெரும்பகுதி அரசுடையது. பள்ளி முடித்த பையன் இங்கே வந்தால் வகுப்பறையில் நிற்க வைத்து 'சார்' என்கிறோம். நம் பட்டதாரிப் பெண் அங்கே போனால் படுக்கை மாற்றுகிறாள். 2013-லிருந்து அதே திட்டத்தில் நம் பக்கத்து இளைஞர்களையும் அங்கே அழைக்கிறார்கள் என்பது கொஞ்சம் ஆறுதல். ஆனாலும், இருவரில் உருப்படியான வேலை செய்தது யார் என்று கேட்டால் நான் படுக்கை மாற்றியவளைத்தான் சொல்வேன். அக்கா மகள் என்பதற்காகச் சொல்லவில்லை.

போவதற்கு முன் அவளை ஒன்றே ஒன்று செய்யச் சொன்னேன்: தனக்கு முன்னால் அங்கே வேலை செய்தவரின் போன் நம்பரைக் கேள், தயங்கினால் அந்த இடம் வேண்டாம். அந்த இல்லம் அன்றைக்கே கொடுத்துவிட்டது. கொலம்பியா நாட்டுப் பெண். ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்கள். தங்கும் அறையில் ஹீட்டர் சரியாக வேலை செய்யாது, கம்பளி கொண்டு வா என்று அவர்தான் சொன்னார். போன மாதம் இவள் நம்பரை அடுத்து வரப்போகிறவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஹீட்டர் இன்னும் அப்படியேதான் இருக்கிறதாம்.